பி.யூ.சி. கேங்கு

அந்தக் காலத்துக் கல்லூரிப் படங்களில் யாரும் படித்து நான் பார்த்ததில்லை. கதாநாயகன் ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தை விரல் நுனியில் சுற்றிக்கொண்டு வருவான். எதிரே மாணவிகள் கும்பலாக வருவார்கள். ஒரு மோதல், கொஞ்சம் கேலி, உடனே பாட்டு. வழுக்கைத் தலைப் பேராசிரியர் ஒருவர் இருப்பார், தடுக்கி விழுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். கடைசியில், எப்போது படித்தான் என்று யாருக்கும் தெரியாமலே கதாநாயகன் மாகாணத்தில் முதலாவதாகத் தேறி, "அம்மா, நான் பாஸாயிட்டேன்" என்று ஓடி வருவான். தையல் மெஷினிலிருந்து அம்மா தலையை நிமிர்த்துவாள். அவள் தவறாமல் விதவையாக இருப்பாள்.

என் அம்மாவும் விதவைதான். அவளுக்கும் தையல் வேலைதான், ஆனால் மெஷின் கிடையாது. ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றில் உட்கார்ந்து, கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியால் தைத்துக் கொடுப்பாள். அவளோடு இருபது பெண்கள். அவர்களுக்கு மேஸ்திரியாக ஓர் அம்மாள் இருந்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் சந்திலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அறுபதுகளின் கடைசி அது. கல்லூரி என்றால் என்ன என்று அந்த இருபது பெண்களுக்கும் சினிமாதான் சொல்லிக் கொடுத்திருந்தது. நான் சேர்ந்த வாரம், பாட்டெல்லாம் எந்த நேரத்தில் பாடுவீர்கள் என்று ஒருத்தி என்னைக் கேட்டாள், கேலிக்கு அல்ல. அம்மாவோ, பெண் பிள்ளைகளிடம் வம்பு வைத்துக்கொள்ளாதே என்று முதல் நாளே எச்சரித்தாள். ஆண்கள் மட்டும் படிக்கிற கல்லூரி அது என்று மாதாமேல் ஆணையாகச் சொல்லியும் நம்பவில்லை. "எல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள். அவள் எத்தனை படம் பார்த்தவள்.

நான் கண்ட கல்லூரி வேறு மாதிரி. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. பையன்கள் நல்ல தமிழும் நல்ல ஆங்கிலமும் பேசினார்கள். நான் வாயைத் திறந்தால் கீதும் இன்னாவும் வந்துவிடும். அந்தப் பயத்திலேயே பட்டப் படிப்புக்கு முந்தின பி.யூ.சி.யில், 'பி' பிரிவில், ஏழெட்டு மாதம் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவதையும் நிறுத்திவிட்டேன். காண்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பொழுதை ஓட்டினேன். எங்கள் வீட்டுக் குழம்பின் வாசனைக்குப் பயந்துதான்.

இங்கே துறைமுக வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்போம், பையன்களையும் செல்லமாக அப்படிக் கூப்பிடுவதுண்டு. நைனா சாகும்வரை துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கேங்கில் இருந்தார். மத்தியானம் பெண்கள் சோற்றுத் தூக்கோடு துறைமுக கேட்டுக்குப் போவார்கள். உள்ளே விடமாட்டார்கள். கேட்டில் நின்றபடியே, தன் புருஷனின் கேங்கு நம்பரையும் பெயரையும் சொல்லி ஓங்கிக் குரல் கொடுக்க வேண்டும். உள்ளே அதைக் கேட்டவன் எவனோ, அவன் அதே குரலை அடுத்தவனுக்குக் கொடுப்பான். அவன் அதற்கடுத்தவனுக்கு. வாய்க்கு வாய் மாறி அது கப்பலடி வரைக்கும் போகும். பத்து நிமிஷத்தில் நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். கேட்டவன் கடத்தியே ஆகவேண்டும். முன்பின் தெரியாதவனாக இருந்தாலும், பகையாளியாக இருந்தாலும் கடத்த வேண்டும். கடத்தாமல் விட்டால் உள்ளே ஒருவன் பட்டினி கிடப்பான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, மீறியவனும் கிடையாது.

பங்குனி மாதம் ஒரு நாள், கப்பல் வராததால் கிடங்கில் வேலை இல்லை. நான் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். அம்மா நெத்திலிக் குழம்பு வைத்து, அலுமினியத் தூக்கில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்துவிட்டாள்.

எங்களுக்கு அப்போது வகுப்பு இல்லை. ஆசிரியர் வராத நேரம். மாடியில் இருந்தோம், ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே கேட்டு தெரியும். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. முதலில் என் வீட்டுப் பெயர். பிறகு, "பி.யூ.சி. பி கேங்கூ... சோறு வந்துகீது, வரச் சொல்லூ..."

நாற்பது பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். மூன்றாவது ஆளாக, இரண்டு தோள்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தேன். என் வீட்டுப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. வருகைப் பதிவில் இருந்தது ஞானஸ்நானப் பெயர். அதனால் அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று என்னைத் தவிர ஒருவனுக்கும் தெரியவில்லை.

கோயிலுக்குள் போகிறமாதிரி செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றி வைத்திருந்தாள். தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றாள். சூடு தாங்காமல் இடது காலைத் தூக்கி வலது பாதத்தின்மேல் வைப்பாள், பிறகு கால் மாற்றுவாள். நடுவில் மறுபடி குரல் கொடுப்பாள். உள்ளே எவனாவது கேட்டுக் கடத்துவான் என்று நம்பிக்கையோடு நின்றாள். நாற்பது பேர் கேட்டோம். முப்பத்தொன்பது பேருக்கு அந்த வழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அரைமணி நேரம் இருக்கும். கடைசியில் சோறு வீணாகக் கூடாதென்று வாட்ச்மேனுக்கே கொடுத்தாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, குழாயடியில் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். நான் அதையும் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டில் அவளே பேச்செடுத்தாள். வந்தேன், பார்க்க முடியவில்லை, வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குரல் கொடுத்ததையும் கால் சுட்டதையும் சொல்லவில்லை. பின்கட்டிடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியாது என்றேன். பரீட்சை என்றதும், நான் வந்து தொந்தரவு பண்ணப் பார்த்தேனே என்று அவள்தான் வருத்தப்பட்டாள்.

இதோடு நின்றிருந்தால், கோழை என்ற ஒரு பெயரோடு போயிருக்கும். நிற்கவில்லை.

மறுநாள் காண்டீனில் ஒருவன் அந்தப் பொம்பளையைப் போல் செய்து காட்டினான். தப்பும் தவறுமாகச் செய்தான். 'கீது' என்பதை எங்கே இழுக்க வேண்டும் என்றே அவனுக்குத் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு என்ன பேய் பிடித்ததோ, "அப்படி இல்லடா" என்று எழுந்து நானே செய்து காட்டினேன். அதே குரல், அதே இழுப்பு, காலை மாற்றி மாற்றி வைத்து, இல்லாத முந்தானையால் முகத்தைத் துடைத்து. காண்டீனே அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள். ஏழெட்டு மாதமாக என் பெயர்கூடத் தெரியாதவர்கள் தோளில் கைபோட்டார்கள். எப்படிடா இவ்வளவு தத்ரூபமாக வருகிறது என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி நிறையப் பேர் உண்டு என்றேன். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. கல்லூரியில் அதற்கு முன் நான் அப்படி ஒரு நாளைக் கண்டதில்லை.

அதன்பிறகு அது என் தொழிலாகிவிட்டது. விடுதி நாள் விழாவில் செய்தேன். பி.ஏ. முதல் வருஷத்தில் புதிதாக வந்தவர்களுக்குச் செய்து காட்டினேன். எனக்குக் கேங்கு என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த பி.ஏ. முதல் வருஷம் முடிந்த கோடை விடுமுறையில் ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் கல்லூரியில் படம் பிடிக்க வந்தது. கல்லூரிப் படம்தான். எங்கள் கல்லூரிக்குள் பெண் பிள்ளைகள் முதன்முதலாக வந்தது அப்போதுதான். வேனில் வந்து இறங்கி, பாட்டுக்கு ஆடிவிட்டு, வேனிலேயே போனார்கள். பெஞ்சுகளை நிரப்ப உள்ளூர் மாணவர்களையும் உட்கார வைத்தார்கள். இடைவேளையில் எவனோ ஒரு புண்ணியவான், இவன் ஒரு பொம்பளையைப் போல் பண்ணுவான் சார் என்று என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டான்.

படத்துக்கு வசனம் எழுதியவர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். செய்யச் சொன்னார். செய்தேன். மூன்று தரம் செய்யச் சொல்லி, அந்தச் சொற்களை அப்படியே எழுதிக்கொண்டார். கால் சுட்டதை அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சேர்த்தேன். செருப்பை எங்கே கழற்றினாள் என்பதையும், வாட்ச்மேன் சோறு தின்றதையும் நானேதான் எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்தார். பிறகு, யார் அந்தப் பொம்பளை என்று கேட்டார்.

"தெரியாது சார். யாரோ ஒரு பொம்பளை" என்றேன்.

அதற்குப் பரிசாக வகுப்பறைக் காட்சியில் எனக்கு முதல் பெஞ்சு கிடைத்தது.

வீட்டில் அந்த முதல் பெஞ்சைப் பற்றி மட்டும் சொன்னேன். அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. கிடங்கில், மாதா கோயிலில், தண்ணீர்க் குழாயடியில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் என் புள்ள சினிமாவுல வரான் என்று சொல்லி வைத்தாள். காமெடிக் காட்சிகளில் பாதியை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெட்டிவிட வேண்டும் என்று நான் ஜெபமே செய்தேன்.

வெட்டவில்லை. படம் முதலில் நகரத்துப் பெரிய தியேட்டரில் வந்தது. கல்லூரி நண்பர்களோடு போனேன். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பிடித்த ஒரு நகைச்சுவை நடிகை அம்மாவாக வந்தார். கேட்டில் நின்றார், குரல் கொடுத்தார், தார் ரோட்டில் குதி குதியென்று குதித்தார். தியேட்டர் சிரித்துப் புரண்டது. நண்பர்கள் என் முதுகில் அடித்துப் பாராட்டினார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கு ஒரு படம் வர மாதக்கணக்காகும். அந்த மாதங்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போஸ்டர் ஒட்டுகிறவனைத் தெருவில் பார்த்தாலே வேறு சந்தில் திரும்பிவிடுவேன். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன் என்று நான் சொன்னதை அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை அவள் பார்த்துவிட்டால், ஜன்னலில் நான் நின்றது அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு அந்த ஒரு பயம்தான். படம் நன்றாக இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். என் முகம் சரியாகத் தெரியவில்லை என்றேன். என் முகத்தை ஒரு நொடி காட்டினாலும் போதும் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, மேட்டினிக் காட்சிக்குப் போனோம். இருபது பெண்களும் அம்மாவோடு வந்தார்கள். மேஸ்திரி அத்தை தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் தியேட்டரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. நான் சுவரை ஒட்டி இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அம்மா அந்தப் பக்கம், இரண்டு வரிசை முன்னால். அவளுடைய கொண்டை எனக்குத் தெரிந்தது.

வகுப்பறைக் காட்சி வந்தது. என் முகம் வந்தது. "தோ கீறான் பாரு" என்று பெண்கள் பக்கம் முழுக்க ஒரே கூச்சல். அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காருவதற்குள் அடுத்த காட்சி தொடங்கிவிட்டது.

நடிகை கேட்டில் நின்று குரல் கொடுத்ததும் எங்கள் ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். நம் பாஷை திரையில் பேசுகிறது, நம் கேங்கு திரையில் வருகிறது என்ற சந்தோஷம். சிரிப்பு அப்புறம்தான் வந்தது. நடிகை செருப்பைக் கழற்றினார். கால் மாற்றிக் குதித்தார். சுவருக்கு அந்தப் பக்கம், கிடங்குப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளில் மட்டும் சத்தம் அடங்கிப் போனது. அம்மாவின் கொண்டை அசையவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியது போல நான் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படம் முடியும்வரை பார்க்கவில்லை.

வெளியே வெயிலில் எல்லோரும் கூடி நின்றார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டு விரலுக்கு முத்தம் கொடுத்தாள். மேஸ்திரி அத்தை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்குச் சொல்லாததை அம்மா மறுநாளே கிடங்கில் அவரிடம் சொல்லியிருக்கிறாள். பாதமெல்லாம் கொப்பளித்துப்போய், இரண்டு நாள் காலைக் கீழே வைக்க முடியாமல் சாக்கு தைத்திருக்கிறாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"இது உன் அம்மா கதையாச்சே நைனா" என்றார் அத்தை. குரலில் கோபம் இல்லை. "செருப்பு கழட்டினது, கால் மாத்தி நின்னது, வாட்ச்மேனுக்கு சோறு போட்டது, அல்லாம் அப்படியே கீது. நீ அப்ப அங்கதான் இருந்தியா? பாத்துகினா இருந்தே?"

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மா முந்திக்கொண்டாள். "அவன் எங்க பாத்தான்? அவனுக்கு அன்னிக்குப் பரீச்சை. நான்தான் வூட்டுக்கு வந்து அல்லாத்தையும் சொன்னேன். இவன் போய் அவங்களாண்ட சொல்லிகீறான்."

அவள் எனக்கு எதையும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"அப்படியா நைனா?" என்றார் அத்தை.

"ஆமா அத்தே. அம்மாதான் சொல்லிச்சு" என்றேன்.

அத்தையின் முகம் மலர்ந்தது. அப்புறம் ஒரே கொண்டாட்டம். அம்மாவையே சினிமாவில் போட்டுவிட்டான் பிள்ளை என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த நடிகை செய்தது சரியில்லை, நீ கூப்பிட்டுக் காட்டு என்றார்கள். அம்மா தியேட்டர் வாசலில் நின்று, வாயில் கையைக் குவித்து, ஒரு தரம் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் சிரித்தாள்.

பெண்கள் அவரவர் சந்துக்குப் பிரிந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் நடந்தோம். ரயில் கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாய் எடுத்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று அவள் என்னைக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் கேட்கவில்லை. வண்டியைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் இனிமே அங்க வரமாட்டேன்டா. நீ பயப்படாம படி."

பிறகு அவள் வரவில்லை. பட்டம் வாங்கிய நாளில் கூப்பிட்டேன், கிடங்கில் வேலை இருக்கிறது என்றாள். எனக்கு உத்தியோகம் கிடைத்து இருபது வருஷம் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அது எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவள் கேட்டதில்லை. அவள் போய் இப்போது பல வருஷமாகிறது. ரயில் கேட்டில் அவள் சொன்னதைக் கேட்டு அன்றைக்கு என் நெஞ்சு வெடித்தது என்று எழுதிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.